உப்பு மண்ணில் வீட்டின் கடைக்கால்

(மரக்காணம் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி வகுப்பில், ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வீடு கட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். வீடு என்றதும் கூரை எப்படி, வாசற்கால் எந்தத் திசை, சுவருக்கு என்ன வண்ணம் என்பனவே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. நான் பேசப் போவதோ, வேலை முடிந்த பின்னர் எவர் கண்ணுக்கும் படாமல் மண்ணுக்குள் மறைந்துவிடும் பகுதியைப் பற்றி. கடைக்கால் என்றும் அஸ்திவாரம் என்றும் நாம் சொல்லும் அந்தப் பகுதி, மற்ற ஊர்களில் வீட்டின் பாரத்தைத் தாங்கினால் போதும். நம்முடைய கரையில் அது பாரத்தையும் தாங்க வேண்டும். உப்பையும் தடுக்க வேண்டும். முதல் வேலையை நம் கொத்தனார்கள் நன்றாகவே செய்கிறார்கள். இரண்டாவது வேலை பல வீடுகளில் நடைபெறுவதே இல்லை.

மரக்காணம் புதிய ஊர் அன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மா நாட்டு எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கிழக்கே வங்கக் கடல். மேற்கிலும் தெற்கிலும் கழுவெளி. இடையே உப்பங்கழியும் அளங்களும். வடக்கிலிருந்து வந்து இங்கே முடிகின்ற பக்கிங்காம் கால்வாய். எந்தப் பக்கம் தோண்டினாலும் சில அடி ஆழத்தில் நீர் ஊறுகிறது. அந்நீர் பல இடங்களில் கரிக்கிறது. இத்தகைய நிலத்தில் சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயில் இன்றும் நிற்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அது கருங்கல். கருங்கல் நீரை உறிஞ்சுவது மிகக் குறைவு. அதற்குள் துருப்பிடிக்கக் கம்பியும் இல்லை. செங்கல்லும் சிமெண்டும் கம்பியும் கொண்டு கட்டுகின்ற நமக்கு அந்த வசதி இல்லை.

உப்பு எப்படி விளைகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள்தாம் எனக்குச் சொல்லித் தந்தவர்கள். 3½ டிகிரி உள்ள கடல் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிலும் காற்றிலும் சுண்டவைத்து, 25 டிகிரி வந்ததும் உப்பு படியத் தொடங்குவதைப் பார்க்கிறீர்கள். நீர் போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது; தொழில் முழுவதும் இவ்வளவே. இப்போது உங்கள் வீட்டுச் சுவரை எண்ணிப் பாருங்கள். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் போலச் செங்கல்லும் கலவையும் மண்ணிலுள்ள உவர் நீரை மேலே இழுக்கின்றன. தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில் அந்நீர் சுவரின் முகத்துக்கு வருகிறது. அங்கே காற்றும் வெயிலும் பட்டு நீர் ஆவியாகிறது. உப்பு எங்கே போகும்? சுவருக்குள்ளேயே படிகமாகிறது, படிகம் வளர வளரப் பூச்சை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. முதலில் வெள்ளைப் பூப்பு, பிறகு பூச்சு உதிர்தல், பிறகு செங்கல் மாவாகக் கொட்டுதல்.

அளத்தில் நாற்பது ஆண்டு வாரிய முதியவர் ஒருவர் ஒருமுறை என்னிடம், “ஐயா, படுத்திருந்தால் பாத்தி, நிமிர்ந்து நின்றால் சுவர், எங்கள் வீட்டில் இரண்டிலும் உப்பு விளைகிறது” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கல்லூரியில் படித்த பாடத்தைக் காட்டிலும் அது தெளிவாக இருந்தது. பாத்தியில் விளைச்சலை நிறுத்த வேண்டுமானால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மடையை அடைப்பீர்கள். சுவரிலும் அதுவே செய்யத் தக்கது. மேலே எத்தனை முறை பூசினாலும், விலையுயர்ந்த வண்ணம் அடித்தாலும், அடியில் மடை திறந்திருக்கும் வரையில் உப்பு வந்துகொண்டே இருக்கும்.

இது செங்கல் சுவரின் கதை. கம்பியுள்ள கான்கிரீட்டின் கதை இதைவிடக் கடுமையானது. அதைச் சொல்வதற்கு முன் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், கடலோரக் குப்பம் ஒன்றில் ஒரு மீனவக் குடும்பத்துக்கு வீடு எழுந்தது. வேலையைப் பார்வையிடும் பொறுப்பு என்னுடையது. கலவைக்கு எந்தத் தண்ணீர் என்று மேஸ்திரி கேட்டார். பக்கத்துக் கிணற்று நீரை ஒரு குவளை வாங்கிக் குடித்துப் பார்த்தேன். சற்றே சப்பென்று இருந்தது, கரிக்கவில்லை. “இதுவே போதும்” என்று சொல்லிவிட்டேன். அந்த வட்டாரத்திலேயே தங்கி அதே நீரைக் குடித்துப் பழகிய நாக்கு அது என்பதை நான் எண்ணவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து அவ்வழியே சென்றபோது, தூண்களின் அடியில் நீளவாக்கில் வெடிப்பு ஓடியிருந்தது. ஒரு தூணில் கான்கிரீட் ஓடு போலக் கழன்று, உள்ளே கம்பி பழுப்பு நிறத்தில் தகடு தகடாக உரிந்து நின்றது. வீட்டுக்காரர் அதற்குள் இறந்துவிட்டார். அவருடைய மனைவியார், “ஐயா, நீங்கள் சொன்னபடிதானே கட்டினோம்” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. நான் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. சொல்லவும் ஒன்றும் இல்லை.

நடந்தது இதுதான். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சுற்றிச் சிமெண்டின் காரத் தன்மையால் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது. அது இருக்கும் வரையில் ஈரம் பட்டாலும் கம்பி துருப்பிடிப்பதில்லை. உப்பில் உள்ள குளோரைடு அப்படலத்தைத் துளைக்கிறது. துளைத்த இடத்தில் துரு தொடங்குகிறது. துரு, அது தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கிறது. இடமில்லாதபோது கான்கிரீட்டைப் பிளக்கிறது. பிளந்த வழியாக மேலும் உப்பும் காற்றும் செல்கின்றன. அதன்பின் அழிவு விரைவுபடும்.

ஆகவேதான் நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூலாகிய ஐ.எஸ். 456, கலவை நீரைக் குறித்து இரண்டு அளவுகள் விதித்துள்ளது. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டரில் 2000 மில்லிகிராம் வரை குளோரைடு இருக்கலாம்; கம்பியுள்ளதற்கு 500-க்கு மேல் கூடாது. கடல் நீரில் அது ஏறத்தாழ 19,000. உப்பு உண்மையில் கான்கிரீட்டைவிடக் கம்பிக்கே பகைவன் என்பது இவ்விரண்டு எண்களிலேயே விளங்கும். உரோமானியர் எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து கடலுக்குள் கட்டிய துறைமுகச் சுவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் நிற்கின்றன என்று வியந்து கூறுவார்கள். வியப்புத்தான், ஆனால் அவற்றில் கம்பி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குளிர்நாடுகளில் கடைக்காலைச் சுற்றிக் குளிர் புகாத பலகைகளைப் பதித்துப் போர்த்துகிறார்கள். அங்கே மண்ணிலுள்ள நீர் உறைந்து வீங்கி வீட்டையே தூக்கிவிடும் என்ற அச்சம். கனடா போன்ற நாடுகளில் உறைபனி எட்டாத ஆழம் வரை தோண்டுவதும் அதற்காகவே. நமக்குப் போர்வை வேண்டும்; குளிருக்காக அன்று, உப்புக்காக. அந்தப் போர்வை எப்படி அமைய வேண்டும் என்பதை இனி வானம் தோண்டுவதிலிருந்து சொல்கிறேன்.

இடம் தேர்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலோரத்திலும் கழியோரத்திலும் கட்டுவதற்கு முன், 1991 முதல் நடைமுறைக்கு வந்த கடற்கரை ஒழுங்காற்று மண்டல விதிகள் அந்த மனைக்கு இடம் கொடுக்கின்றனவா என்பதை ஊராட்சியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய அளத்துப் பாத்தியை மேடாக்கிய மனையாயின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இருமுறை எண்ணிப் பாருங்கள்.

வானம் தோண்டும் வேலையைக் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும். குப்பங்களின் மணல்மேட்டில் பக்கங்கள் சரியும். கழுவெளிப் பக்கத்துக் களிமண் வெயிலில் வெடித்து மழையில் உப்பும். மணல், பக்கவாட்டில் ஓடாதவரை நல்ல தாங்கு நிலமே. களியில் வெடிப்பு எட்டும் ஆழத்துக்கும் கீழே செல்ல வேண்டும். எந்த மண்ணாயினும் 50 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆழம் கூடாது என்பது விதி. அதற்காக ஆழம் மிகுந்தால் வலிமை மிகும் என்று எண்ணி உவர் நீருக்குள்ளேயே இறங்கிவிட வேண்டா. நீர் ஊறும் மனையில் உறுதியான மண் கிடைத்த மட்டத்தோடு நின்று, பேஸ்மட்டத்தை உயர்த்திக்கொள்வது மேல். எந்த ஆழம் என்பதை ஒன்றியப் பொறியாளர் குழியில் இறங்கிப் பார்த்துச் சொல்லட்டும்.

குழியில் நீர் ஊறினால் ஒரு மூலையில் சிறு பள்ளம் செய்து, நீரை அங்கே வடியவிட்டு, மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கான்கிரீட் போட்ட பின்னரும் ஒரு நாளாவது இறைப்பை நிறுத்தலாகாது. இறுகாத கான்கிரீட்டுக்குள் உவர் நீர் ஏறிவிட்டால் பிறகு எந்தப் போர்வையும் பயன் தராது. “கான்கிரீட் தண்ணீருக்குள்ளேயும் இறுகும்” என்று சில மேஸ்திரிகள் கூறுவார்கள். இறுகும் என்பது மெய்தான். உப்பையும் உள்ளே வைத்துக்கொண்டு இறுகும்.

குழியின் அடியில் முதலில் தடித்த பாலித்தீன் தாளை விரித்து, அதன் மேல் நான்கங்குல கனத்துக்குக் கம்பியில்லாத சாதாரணக் கான்கிரீட் படுக்கை போடுங்கள். படுக்கை மேலே வரும் ஃபுட்டிங்கைவிட எல்லாப் பக்கமும் நான்கைந்து அங்குலம் அகன்றிருக்கட்டும். கம்பி வலையை மண்ணின் மீது வைத்துக் கான்கிரீட் கொட்டுவதை நான் இன்றும் சில இடங்களில் காண்கிறேன். அது கம்பியை உப்பின் மடியில் கிடத்துவதற்கு ஒப்பாகும்.

வலைக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர், கான்கிரீட் இருக்க வேண்டும், பக்கங்களிலும் அவ்வளவே. இதைத்தான் கவர் என்கிறோம். இந்த இரண்டங்குலமே கம்பிக்கும் கடலுக்கும் இடையே உள்ள கோட்டைச் சுவர். இதை நிலைநிறுத்த வலைக்கு அடியில் கவர் பிளாக் வைக்க வேண்டும். செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் மரக்கட்டையும் கவர் பிளாக் ஆகமாட்டா. அவை நீரை நேரே கம்பிக்குக் கொண்டுபோகும் குழாய்கள். வேலைக்குப் பத்து நாள் முன்னதாகவே, ஃபுட்டிங்குக்குப் போடப் போகும் அதே தரக் கலவையில் அவற்றை வார்த்து, நல்ல நீரில் ஊறப்போட்டு வைத்துக்கொள்ளலாம். கம்பியையும் கடற்காற்றில் மாதக் கணக்கில் போட்டுவைக்காதீர்கள். போட்டு வைத்திருந்தால் நல்ல நீரால் கழுவித் துருவைத் தேய்த்தெடுத்த பிறகே கட்டுங்கள்.

கம்பிக்குப் பூசும் காப்புப் பூச்சுகள் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இத்துறையில் நெடுங்காலம் உழைத்து, சிமெண்டை அடிப்படையாகக் கொண்ட கம்பிப் பூச்சுகளை உருவாக்கியுள்ளது. அவை பயனுள்ளவை. ஆயினும் பூசிய கம்பியை வளைக்கும்போது பூச்சு உடைந்தால், உடைந்த இடத்திலேயே துரு குவியும். சிறிய வீட்டில் கையில் உள்ள பணத்தை முதலில் கவருக்கும் நல்ல நீருக்கும் செலவிடுங்கள். மிச்சமிருந்தால் பூச்சுக்கு என்பது என் கருத்து.

கலவைக்கு வருகிறேன். ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்பது நம் கொத்தனார்களின் நாவில் ஊறிப்போன கணக்கு. உப்பு நிலத்துக் கம்பிக் கான்கிரீட்டுக்கு அது போதாது. உவர் மண்ணில் புதையும் கான்கிரீட்டை விதிநூல் மிகக் கடுமையான சூழல் என்ற வகையில் வைக்கிறது. அதற்கு ஒரு கனமீட்டருக்கு 340 கிலோ சிமெண்டு குறையாமல் வேண்டும்; சிமெண்டின் எடையில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது; தரம் எம்-35. நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் 100 கன அடிக்கு ஏறக்குறைய 19½ மூட்டை. பழைய கணக்குக்கு 18 மூட்டை ஆகும். ஒன்பது தூண் உள்ள ஒரு சிறு வீட்டில், நான்கடிக்கு நான்கடி, ஓரடி கனம் என ஃபுட்டிங் போட்டால் மொத்தம் 144 கன அடி. ஆகக் கூடுதல் செலவு இரண்டு மூன்று மூட்டைதான்!

அப்படியானால் உண்மையான வேறுபாடு எங்கே இருக்கிறது? தண்ணீரில். ஒரு மூட்டைக்கு 22½ லிட்டர். மணலில் உள்ள ஈரமும் இதற்குள் அடக்கம். நடைமுறையில் மூட்டைக்கு முப்பது லிட்டருக்கு மேலும் ஊற்றிக் கஞ்சியாக ஓட விடுகிறார்கள். தள்ளுவது எளிது என்பதே காரணம். தேவைக்கு மிஞ்சிய நீர் பின்னர் வெளியேறும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களை விட்டுச் செல்கிறது. உப்பு அவ்வழியே வரும். கலவை கெட்டியாக இருக்கிறது, வேலை ஓடவில்லை என்றால் வைப்ரேட்டர் வையுங்கள். இளக்கம் தரும் பிளாஸ்டிசைசர் திரவத்தைப் பொறியாளர் சொல்லும் அளவில் சேருங்கள். அதில் குளோரைடு இல்லை என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்க் குழாயை மட்டும் மீண்டும் திறக்க வேண்டா. எம்-35 போன்ற தரத்துக்குப் பெட்டி அளவில் கலப்பது சரிவராது. எடைபோட்டுக் கலக்கும் விகிதத்தைப் பொறியாளரிடம் எழுத்தில் பெறுங்கள். அல்லது நாலைந்து வீட்டார் ஒன்று சேர்ந்து ஒரே நாளில் ஆயத்தக் கலவை வண்டியை வரவழைத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்டில் எது நல்லது? நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. அல்லது இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டு. இவை இறுகுவதற்குச் சற்று நாள் எடுத்துக்கொண்டாலும், இறுகிய பின் உப்பு புகாத நெருக்கம் உடையன. சல்பேட்டைத் தாங்கும் தனிச் சிமெண்டு என்று ஒன்று விற்கிறார்கள். உப்பு ஊருக்கு அதுதான் ஏற்றது என்று கடைக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன். குளோரைடும் சல்பேட்டும் சேர்ந்துள்ள இடத்துக்கு அது உகந்ததன்று என்று விதிநூலே கூறுகிறது. மணலைப் பொறுத்தவரை கடற்கரை மணலை ஒரு சட்டி கூடத் தொடாதீர்கள். ஆற்று மணல் அரிதாகிவிட்ட இந்நாளில் கல்லுடைத்துச் செய்த எம்-சாண்ட் போதுமானது; அதில் தூள் மிகுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பி.பி.சி. அல்லது ஸ்லாக் போட்டால் பதினான்கு நாள் ஈரம் காக்க வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை நடக்கிறது. கலவைக்கு விலை கொடுத்து லாரி நீர் வாங்கியவர்கள், மறுநாள் முதல் ஃபுட்டிங்கின் மேல் உவர்க் கிணற்று நீரையே ஊற்றுகிறார்கள். நனைந்த சாக்கைப் போட்டு மூடி, நல்ல நீரை அளவோடு தெளியுங்கள். நீர் செலவும் குறையும்.

ஃபுட்டிங்கும் தூணின் அடிப்பகுதியும் நன்றாக உலர்ந்த பின், தரைமட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் வரை எல்லாப் பக்கமும் இரண்டு கை தார்ப் பூச்சு பூச வேண்டும். ஒரு கை நெடுக்காக, அது காய்ந்தபின் மறு கை குறுக்காக. இது ஒரு பகல் வேலை. இது முடிவதற்குள் குழியை மூடிவிட்டால் பிறகு ஒருநாளும் செய்ய முடியாது. ஊராட்சி உறுப்பினர்களுக்கு நான் வைக்கும் முதல் வேண்டுகோள் இவ்விடத்தில்தான் வருகிறது. 2024-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3½ லட்சம் ரூபாய் என வகுத்தார்கள். 2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டமும் உண்டு. இவற்றில் வேலை இன்ன மட்டம் வந்தது என்று கண்ட பிறகே தவணைப் பணம் வருகிறது. அவ்வாறு காணும் நாள் பெரும்பாலும் குழி மூடிய பிறகே அமைகிறது. குழி மூடுவதற்கு முந்திய நாள் நீங்கள் ஓர் அங்குல நாடாவோடு சென்று, கவரையும் தார்ப் பூச்சையும் பாருங்கள். ஏழைக் குடும்பத்துக்கு இத்தொகை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கிடைக்கும்.

எல்லா வீட்டுக்கும் தூணும் ஃபுட்டிங்கும் வேண்டுமா என்று கேட்டால், ஒற்றை மாடி இல்லாத சிறு வீட்டுக்கு, நல்ல தாங்கு மண்ணில், சுவர் நெடுகச் செல்லும் கருங்கல் கடைக்காலே போதும் என்பேன். மண்ணுக்குள் கம்பி இல்லை, துருவும் இல்லை. பேஸ்மட்டத்தில் மட்டும் சுற்றிலும் ஒரு கம்பிக் கான்கிரீட் பட்டை ஓடி, புயல் காற்றுக்குச் சுவர்களைப் பிணைத்து நிற்கும். இன்று தூண் வைப்பது பெருமை என்றாகிவிட்டது. பெருமைக்காக உப்புக்குள் இரும்பை நடுவது எனக்கு உடன்பாடன்று.

இனி மடை அடைக்கும் வேலை. தரைமட்டம் வரை, கூடுமானால் பேஸ்மட்டம் வரை, செங்கல் வேண்டா, கருங்கல் போடுங்கள். தரையிலிருந்து குறைந்தது ஆறங்குலம் உயரத்தில், நம் ஊருக்கு ஓரடிக்கு மேலாகவே, ஈரந்தடுக்கும் வரி ஒன்று ஓட வேண்டும். ஒன்றரை அங்குல கனத்தில் நெருக்கமான சிறு ஜல்லிக் கான்கிரீட், அதில் நீர்த்தடுப்பு மருந்து, உலர்ந்ததும் மேலே சூடான தார் இரண்டு கை. பேஸ்மட்டக் கம்பிப் பட்டை போட்டிருந்தால் அதன் மேல்முகத்திலேயே தார் பூசி இவ்வரியை அமைத்துவிடலாம். இந்த வரி எல்லாச் சுவரின் முழு அகலத்துக்கும் இடைவிடாமல் ஓட வேண்டும். உள்சுவரில் விட்டுவிடுவார்கள், வாசற்படியில் விட்டுவிடுவார்கள். ஓரிடத்தில் வரப்பு உடைந்தால் பாத்தி முழுவதும் நீராகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

பேஸ்மட்டத்துக்குள் நிரப்பும் மண்ணைப் பற்றி ஒரு சொல். தோண்டிய உவர் மண்ணையே திரும்பப் போடுவது நம் வழக்கம். மலிவுதான். ஆனால் தரைக்கு அடியில் ஓர் அளத்தையே வைத்துப் பூசியதாகிவிடும். மழைக்காலத்தில் தரை வியர்க்கும். வாரிக் குவித்த உப்பு ஈரக் காற்றில் நீர் கசிவதைப் பார்க்கிறீர்கள் அல்லவா, அதே காரணந்தான். உள்நாட்டுச் செம்மண் அல்லது கிராவல் கொண்டு நிரப்பி, அதன்மேல் நான்கங்குலம் தூளில்லாத பெரிய ஜல்லி பரப்பி, பாலித்தீன் தாள் விரித்து, பிறகு தரைக் கான்கிரீட் போடுங்கள். ஜல்லிகளுக்கு இடையேயுள்ள பெரிய சந்துகளில் நீர் தானாக மேலே ஏறுவதில்லை.

ஊராட்சிக்கு என் இரண்டாவது வேண்டுகோள் தெருவைப் பற்றியது. வீட்டுக்காரர் ஓரடி உயரத்தில் ஈர வரியை அமைக்கிறார். பத்து ஆண்டுகளில் தெருவுக்கு இரண்டு முறை புதுச் சாலை போடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே நாலைந்து அங்குலம் ஏறுகிறது. வாசலை ஒட்டி மண்ணும் ஏறுகிறது. ஒருநாள் தெரு ஈர வரியைத் தாண்டிவிடுகிறது. அன்றே அவ்வரி செத்துவிட்டது என்று பொருள். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியது நினைவிருக்கலாம். அது நகரத்துக்கு மட்டும் உரியதன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. நம் அளங்கள் மூழ்கின. அத்தகைய நாளில் தெரு உயர்ந்து வீடு தாழ்ந்திருந்தால் நீர் எங்கே செல்லும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் இனிக் கட்டுவோருக்கு. கட்டி முடித்துச் சுவர் உதிர்ந்துகொண்டிருப்போர் என்ன செய்வது என்று பின்வரிசையில் ஓர் அம்மையார் கேட்கிறார். நல்ல கேள்வி. முதலில் வெளிப்புறத்து மண்ணைச் சுவரடியிலிருந்து ஓரடியாவது தாழ்த்துங்கள்; கூரை நீர் சுவரோரம் விழாமல் வாய்க்கால் செய்யுங்கள். உதிரும் பூச்சை, ஈரத்தின் அடையாளம் தெரியும் உயரத்துக்கு மேலும் ஓரடி வரை கொத்தி எடுத்து, உப்பைத் துடைப்பத்தால் உலர்வாகவே பெருக்கி அள்ளுங்கள். நீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பவும் உள்ளே போகும். ஒரு கோடை முழுதும் காயவிட்டு, சிமெண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்புக் கலவையால் பூசுங்கள். அது மூச்சு விடும். சில ஆண்டுகளில் அது உதிர்ந்தாலும் செங்கல் பிழைக்கும். சிமெண்டுப் பூச்சும் ஓட்டுக்கல்லும் ஒட்டி மறைத்தால் ஈரம் அதற்கும் மேலே ஏறும். வசதியுள்ளவர்கள் சுவரின் அடியில் மூன்றடி மூன்றடியாக, ஒன்று விட்டு ஒன்று அறுத்து ஈர வரியைப் புகுத்தலாம். தேர்ந்த கையில்லாமல் அதைத் தொடங்க வேண்டா. தூணில் நீள வெடிப்பு கண்டிருந்தால் மேலே சிமெண்டு பூசி மறைக்காதீர்கள். கம்பி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பொறியாளர் பார்த்தாக வேண்டும்.

கடைசியாக, தண்ணீர். என் நாக்கை நம்பி நான் கெட்டேன். நீங்கள் உங்கள் நாக்கை நம்ப வேண்டா. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர் ஆய்வுக்கூடம் உண்டு. வானம் தோண்டுவதற்கு ஒரு மாதம் முன்பே, கிணற்று நீரில் சற்று நேரம் இறைத்துவிட்ட பின்னர், சுத்தமான புட்டியை அதே நீரால் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி, ஊர்ப் பெயரும் கிணற்றின் அடையாளமும் எடுத்த தேதியும் எழுதி அனுப்புங்கள். விடையில் குளோரைடு என்ற வரியை மட்டும் பார்த்தாலும் போதும். 500-க்குக் கீழே இருந்தால் கலவைக்கு எடுக்கலாம், மேலே இருந்தால் வேறு நீர் தேட வேண்டும். மழைக்காலத்தில் எடுத்த கணக்கைக் கோடைக்குப் பயன்படுத்தாதீர்கள். அதே கிணறு சித்திரையில் வேறு கிணறாக இருக்கும். ஊராட்சி ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் உள்ள கிணறுகளின் இந்த எண்ணை ஒரு பலகையில் எழுதி அலுவலக வாசலில் மாட்டிவைத்தால், வீடு கட்டுவோர் ஒவ்வொருவரும் தனித்தனியே அலைய வேண்டியிராது.